காரில் வைக்கும் குளிர்காலப் போர்வை மூட்டை: கட்டுவது முதல் போர்த்துவது வரை

ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை இரவு. கனடாவில், ரொறன்ரோவை அடுத்த மார்க்கம் பக்கத்து மண்டபத்தில் கல்யாணச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஐந்து பேர் ஒரு மினிவானில் 401 நெடுஞ்சாலை வழியாக ஒட்டாவாவுக்குக் கிளம்புகிறார்கள். அம்மாவுக்குப் பட்டுச்சேலை, மெல்லிய செருப்பு. அப்பாவுக்கு வேட்டி. பிள்ளைகளின் ஜக்கெற்றுகள் டிக்கியில் கிடக்கின்றன, காருக்குள் சூடாக இருக்கிறதே என்று. கிங்ஸ்டனுக்கு முன்னால் லொறி ஒன்று குறுக்கே சரிந்து பாதை மூடப்பட்டால், இவர்களுக்கு மிச்சமிருப்பது ஹீற்றர் மட்டும்தான்.

“எங்களிடம் போர்வை இருக்கிறதே” என்பார்கள். இருக்கும். மேலே போர்த்த மூன்று போர்வை, கீழே விரிக்க ஒன்றுமில்லை, அந்த மூன்றும் டிக்கியில் அரிசி மூட்டைக்கு அடியில். பெரும்பாலானோர் பிழைவிடுவது பொருளில் அல்ல, வரிசையில். அதனால் கீழே உள்ள படிகளை அதே ஒழுங்கில் செய்யுங்கள். எண்ணிக்கைகளும் குளிர் அளவுகளும் தென் ஒன்ராறியோவுக்கானவை. சட்பரி நகருக்கு வடக்கே போகிறவர்களுக்கு வேண்டிய மாற்றத்தை அந்தந்த இடத்தில் சொல்கிறோம்.

1. முதலில் கணக்கு

மூட்டையை 24 மணி நேரத்துக்குக் கட்டுங்கள். இது மிகைப்படுத்தல் இல்லை. 2010 டிசம்பரில் சார்னியாவுக்கு அருகே 402 நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கானோர் பனியில் சிக்கினார்கள். சிலர் ஒரு நாளுக்கு மேல் வாகனத்துக்குள்ளேயே இருந்தார்கள், இராணுவ ஹெலிகொப்ரர்கள் போய்த்தான் ஆட்களை எடுத்தன. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் ஐ-95 நெடுஞ்சாலையிலும் ஒரு நாளுக்கு மேல் வாகனங்கள் நின்றன.

ஆட்களை எண்ணும்போது காரில் உள்ள சீற் எண்ணிக்கையை எடுங்கள், வீட்டு ஆட்களின் எண்ணிக்கையை அல்ல. கல்யாணத்துக்குப் போகும் காரில் அம்மம்மாவோ மாமாவோ கட்டாயம் ஏறுவார்கள்.

குளிரைக் கணக்கிடும்போது வானிலை அறிவிப்பில் வரும் “காற்றுக் குளிர்” எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். -20 பாகையில் 30 கிலோமீற்றர் வேகக் காற்று அடித்தால் வெளியே நிற்பவருக்கு -33 போல உறைக்கும். காரின் தகடும் கண்ணாடியும் அந்தக் காற்றை நிறுத்திவிடும். எனவே உங்கள் மூட்டை -20 ஐத் தாங்கினால் போதும். காரை விட்டு இறங்கி நடக்காதீர்கள் என்று சொல்வதற்கும் இதுதான் காரணம்.

2. வீட்டில் இருப்பதைத் தரம் பிரியுங்கள்

கடைக்குப் போகுமுன் அலுமாரியைத் திறவுங்கள். எங்கள் வீடுகளில் பெரும்பாலும் நாலு வகை இருக்கும்.

*மின்க் போர்வை.* பூப்போட்ட, பளபளக்கும், தடித்த போர்வை. பலர் இதைப் பழைய சாமான் என்று ஒதுக்குவார்கள். உண்மையில் காருக்கு நல்ல தேர்வு. அக்ரிலிக் அல்லது பொலியெஸ்ரர் நூல் என்பதால் ஈரத்தைக் குடிக்காது. குறை இரண்டு: இரட்டை அடுக்குப் போர்வை 4 கிலோவுக்கு மேல் வரும், நிறைய இடம் பிடிக்கும். தீப்பொறி பட்டால் உருகி ஒட்டும்.

*கம்பளி.* ஈரமானாலும் ஓரளவு சூடு தரும். நெருப்பில் எளிதில் பிடிக்காது. இரண்டு இருந்தால் இரண்டையும் காருக்குக் கொடுத்துவிடுங்கள்.

*பொலியெஸ்ரர் பஞ்சு அடைத்த கொம்போர்ற்றர்.* புதிதாக இருந்தால் நல்லது. பத்து வருடம் துவைத்துத் துவைத்துப் பஞ்சு மூலையில் திரண்டதென்றால் நடுவில் வெறும் துணிதான். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள்; வெளிச்சம் தெரியும் இடங்களில் சூடு நிற்காது.

*பருத்தி விரிப்பு, பருத்திப் போர்வை, துவாய்.* போர்த்துவதற்கு வேண்டாம். மூச்சின் ஈரத்தையும் உடம்பின் வியர்வையையும் குடித்துக் குளிர்ந்துவிடும். ஈரத் தலையைத் துடைக்க ஒரு துவாய் மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

3. கீழே விரிப்பதை முதலில் வாங்குங்கள்

நின்றுபோன காரில் முதலில் விறைப்பது பாதம். தரைத் தகட்டுக்கு அடியால் குளிர் ஏறும். ஹீற்றர் நின்றவுடன் சூடு மேலே போய்க் கூரையில் நிற்கும். எத்தனை போர்வை போர்த்தினாலும் செருப்பு தரையில் முட்டிக்கொண்டிருந்தால் கால் வழியாகச் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். புதியவர்கள் வழமையாகக் கோட்டைவிடுவது இங்கேதான்.

முகாம் சாமான் கடையில் விற்கும் நுரைப் பாய் ஒன்று போதும். தண்ணீர் ஊறாத வகையாக இருக்க வேண்டும். சுமார் 180 சென்ரிமீற்றர் நீளம், 50 அகலம், 1 சென்ரிமீற்றர் தடிப்பு. அதைக் குறுக்கே 35 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக வெட்டினால் ஐந்து துண்டு வரும், ஆளுக்கு ஒன்று. பாதத்துக்குக் கீழே வைக்கும் அளவு அதுதான். சமையலறைக் கத்தரிக்கோல் போதும்.

காற்று ஊதும் மெத்தை வேண்டாம். சீற்றில் விரிக்க இடம் கிடையாது, வெறும் காற்று குளிரையும் தடுக்காது.

இதே இடத்தில் இன்னொரு சாமான்: கோடையில் முன்கண்ணாடிக்கு வைக்கும் வெள்ளி மடிப்புத்தட்டி. அதை செப்ரெம்பரில் கராஜுக்குள் போடாமல் காரிலேயே விடுங்கள். இரவில் கண்ணாடி வழியாகப் போகும் சூட்டை அது ஓரளவு மறிக்கும்.

4. ஸ்லீப்பிங் பாக்: எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும்

இரண்டு பேருக்கு ஒரு பாக் வீதம் கணக்கிடுங்கள், அதோடு ஆளுக்கொரு கம்பளியோ மின்க்கோ. ஐந்து பேர் காருக்கு மூன்று பாக் நல்லது.

உறையின் முகப்பில் பெரிதாக அச்சடித்திருக்கும் எண்ணை நம்பி வாங்காதீர்கள். முறையாகச் சோதித்த பாக்குகளில் மூன்று எண் இருக்கும். “கொம்பர்ட்” என்பது சராசரிப் பெண் ஒருவர் குளிரில்லாமல் உறங்கும் அளவு. “லிமிற்” என்பது சராசரி ஆண் ஒருவர் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் அளவு. “எக்ஸ்ட்ரீம்” என்பது உயிர் தப்புவதற்கான அளவு மட்டுமே, அதில் உறக்கம் கிடையாது. முகப்பில் போடுவது பெரும்பாலும் முதலாவது எண் அல்ல. ஒரேயொரு எண் மட்டும் இருந்தால் 8 பாகை கூட்டி எண்ணுங்கள்: -15 என்று போட்டிருந்தால் -7 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தென் ஒன்ராறியோவுக்குக் கொம்பர்ட் -7 தொடக்கம் -10 வரை, மேலே ஒரு கம்பளி, இதுவே போதும். வடக்கே போகிறவர்கள் -18 அளவு பார்க்க வேண்டும், அதுவும் இரண்டு பேருக்கு ஒன்றல்ல, ஆளுக்கொன்று.

வடிவம் முக்கியம். தலைவரை மூடும் ஒடுங்கிய பாக் கூடாரத்துக்குச் சரி. சீற்றில் உட்கார்ந்தபடி அதற்குள் நுழைவது பெரும் போராட்டம். நீள்சதுர வடிவத்தை எடுங்கள். முழுக்கத் திறந்தால் இரண்டு பேருக்கான போர்வையாகும். சிப் கால்பக்கத்தாலும் திறக்க வேண்டும்: சாரதி எஞ்சினை இயக்க வேண்டியவர், அவர் கால் வெளியே வர வழி வேண்டும்.

உள்ளே என்ன பஞ்சு? இறகு இலேசு, ஆனால் நனைந்தால் களி போல அமுங்கிவிடும். காருக்குள் மூச்சீரமும் சப்பாத்துப் பனியும் இருக்கும்போது செயற்கைப் பஞ்சுதான் பாதுகாப்பு. விலையும் குறைவு.

5. வெள்ளித்தாள் போர்வை எதற்கு, எதற்கில்லை

உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தத் தாளை வாங்கி வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் பலர். அது உடம்பின் கதிர்ச்சூட்டைத் திருப்பி அனுப்பும், காற்றை மறிக்கும். தன்னளவில் அதற்குத் தடிப்பு இல்லை. தோலோடு ஒட்டிக்கிடந்தால் சூட்டைக் கடத்திவிடும், உள்ளே வியர்வை நீர் கோத்து உடுப்பை நனைக்கும்.

அதற்கு உரிய வேலை இரண்டு. சீற்றின் முதுகுப்பக்கத்தில் விரித்து அதன்மேல் கம்பளியைப் போட்டு உட்காருவது ஒன்று. பக்கக் கண்ணாடிகளுக்கு உட்புறமாக ஒட்டுவது மற்றது. நாலு தாளும் ஒரு சுருள் ஒட்டுநாடாவும் வையுங்கள்.

6. ஆளுக்கொரு சிறு பை

சிப் வைத்த பொலித்தீன் பை ஒவ்வொன்றிலும்: தடித்த கம்பளிச் சொக்ஸ் ஒரு சோடி, காது மூடும் ரூக் தொப்பி, விரல்கள் சேர்ந்திருக்கும் வகைக் கையுறை, கைச்சூட்டுப் பொதி இரண்டு. பையின்மேல் மார்க்கரால் ஆளின் பெயர். இருட்டில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் சொக்ஸ் அப்பப்பாவின் காலில் ஏறாது.

சேலை, வேட்டியோடு வருபவர்களின் பைகளில் பருத்தி கலக்காத நீளக் காற்சட்டை ஒன்றையும் சேருங்கள். சேலைக்குள் அதைப் போட ஒரு நிமிடம் ஆகாது.

கைச்சூட்டுப் பொதிக்குள் இருப்பது இரும்புத்தூள்; உறையைப் பிரித்தால் காற்றுப் பட்டுச் சூடாகும். தோலில் நேரடியாக வைக்காதீர்கள், கொப்பளிக்கும். ஈரச் சப்பாத்துக்குள் திணித்தால் காற்றுக் கிடைக்காமல் அணைந்துவிடும். திகதி கடந்தவை பெரும்பாலும் வேலை செய்யாது.

7. கட்டும் வரிசை

முதலில் வேண்டியது கடைசியாக உள்ளே போக வேண்டும். பெரிய துணிப்பை ஒன்றை எடுத்து, அடியிலிருந்து இப்படி: மின்க் போர்வைகள், ஸ்லீப்பிங் பாக்குகள், கம்பளி, நுரைத்துண்டுகள், எல்லாவற்றுக்கும் மேலே ஆளுக்கொரு சிறு பைகளும் ஒரு ரோச் லைற்றும்.

போர்வையையும் பாக்கையும் தடித்த குப்பைப்பையில் தனித்தனியாகப் போட்டு வாயை முறுக்கிக் கட்டுங்கள். ஒரே பையில் எல்லாவற்றையும் போட்டால் ஒன்று நனைந்தாலே எல்லாம் போச்சு.

காற்றை உறிஞ்சிச் சப்பையாக்கும் பைகளை மின்க்குக்குப் பாவிக்கலாம். ஸ்லீப்பிங் பாக்குக்கு வேண்டாம். சூட்டைப் பிடித்து வைப்பது பஞ்சுக்குள் நிற்கும் காற்று. ஐந்து மாதம் நசுங்கிக் கிடந்த பஞ்சு பிறகு முழுதாக எழும்பாது. பாக்கோடு வந்த சிறு உறையையும் தூக்கிப் போடுங்கள்.

மூடி போட்ட பிளாஸ்ரிக் பெட்டி எலிக்கு நல்ல தடை. ஆனால் மலிவானவை -25இல் தட்டினால் பீங்கான் போல வெடிக்கும். கராஜில் எலி இருப்பவர்கள் பெட்டியையும், மற்றவர்கள் துணிப்பையையும் பாவியுங்கள்.

8. எங்கே வைப்பது

டிக்கியில் வேண்டாம். அதன் பூட்டு உறையும், கதவின்மேல் அரை மீற்றர் பனி ஏறும், பின்னால் ஒருவர் இடித்தால் திறக்கவே முடியாது. இத்தனைக்கும் மேலாக, போர்வை எடுக்க வெளியே இறங்குபவர் நனைந்துதான் திரும்புவார்.

சிறு காரில் பின்சீற்றின் காலடிப் பகுதி அல்லது சீற் மடியும் பக்கம். மினிவானில் மூன்றாம் வரிசைக்குப் பின்னால் வைத்தால் உள்ளிருந்தே கை எட்டும். பட்டியால் இறுகக் கட்டுங்கள். சடுதியாகப் பிரேக் போட்டால் 10 கிலோ மூட்டை பிள்ளையின் தலைக்கு மேலால் பறந்து வரும்.

பனி அள்ளும் சிறிய மடிப்புச் சவளையும் உள்ளேயே வையுங்கள். 10ஆம் படியில் அது வேண்டும்.

9. நின்றுவிட்டால்: போர்த்தும் வரிசை

குளிர ஆரம்பித்த பிறகு போர்த்துவது பிந்திய வேலை. போர்வை சூட்டை உண்டாக்காது, இருக்கும் சூட்டைத்தான் காக்கும். அரை மணி நேரமாக வாகனம் அசையவில்லை என்றால், ஹீற்றர் ஓடிக்கொண்டிருக்கும்போதே தொடங்குங்கள்.

முதலில் ஈரமானதைக் கழற்றுங்கள், சொக்ஸ்தான் முதல். காலைத் துடைத்துக் கம்பளிச் சொக்ஸைப் போட்டு, பாதத்தை நுரைத்துண்டின்மேல் வையுங்கள். சப்பாத்தை இறுகக் கட்ட வேண்டாம்.

அடுத்தது தலை. பிறகு முதுகுக்கும் சீற்றுக்கும் இடையில் கம்பளி. கடைசியில்தான் மேற்போர்வை. எல்லோரும் பின்சீற்றில் நெருங்கி உட்கார்ந்து, இரண்டு பேருக்கு ஒரு பாக்கை விரித்து, அதன்மேல் மின்க்கைப் போடுங்கள். மறுவளமாக, மின்க்கை உள்ளேயும் பாக்கை மேலேயும் போட்டாலும் பாதகமில்லை. கனமான மின்க் பாக்கின் பஞ்சை அமுக்குகிறது என்று கண்டால் அப்படியே மாற்றுங்கள்.

முகத்தை மூடாதீர்கள். மூச்சு உள்ளே போனால் இரண்டு மணி நேரத்தில் போர்வை ஈரமாகும். மூக்குக் குளிர்ந்தால் சால்வையை மெல்லிதாகச் சுற்றினால் போதும்.

மணிக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் கை காலை ஐந்து நிமிடம் அசையுங்கள். வியர்க்குமளவுக்கு வேண்டாம். ஒருவர் எப்போதும் விழித்திருக்க வேண்டும். நடுங்கிக்கொண்டிருப்பவர் நடுக்கம் நின்று, வார்த்தை குழறி, பொத்தானைப் போட முடியாமல் தடுமாறினால் அவருக்குக் குளிர் விட்டுப்போகவில்லை, உடம்புச் சூடு இறங்குகிறது. அவரை நடுவில் வைத்து இருபுறமும் அணைத்துக்கொண்டு 911ஐ அழையுங்கள். பிராந்தி சூடு தரும் என்ற நம்பிக்கையை விடுங்கள். அது தோலுக்கு இரத்தத்தை அனுப்பி உள்சூட்டை வெளியே விட்டுவிடும்.

10. எஞ்சினும் புகைக்குழாயும்

மணிக்கு 10 நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டுங்கள். சும்மா நிற்கும் சிறு கார் மணிக்கு 1 லீற்றருக்குக் கிட்டவும் மினிவான் ஒன்றரை லீற்றருக்குக் கிட்டவும் குடிக்கும். 24 மணி நேரத்தில் மொத்தம் 4 மணி நேர ஓட்டம், அதாவது 4 முதல் 6 லீற்றர். அரைத் தாங்கி இருந்தால் எண்ணெய் பிரச்சினையே இல்லை.

பிரச்சினை புகைக்குழாய். பனி அதை மூடினால் காபன் மொனொக்சைட் உள்ளே ஏறும். நிறமில்லை, மணமில்லை, தலைவலியும் தூக்கமும்தான் அறிகுறி. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மரி மலைநகரில் பனியில் புதைந்த கார்களுக்குள் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் சிலரின் சாவுக்கு இந்த வாயுவே காரணம் என்று சொல்லப்பட்டது. ஒவ்வொரு முறையும் சாவியைத் திருப்புமுன் ஒருவர் இறங்கிச் சவளால் குழாயைச் சுற்றித் துப்புரவாக்க வேண்டும். எப்போதும் அதே ஆள் போகட்டும், ஒருவர் நனைந்தால் போதும். அவருக்கு மழைக்கோட் ஒன்று மூட்டையில் இருக்கட்டும்.

எஞ்சின் ஓடும்போது காற்றடிக்காத பக்கக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வையுங்கள். ஹீற்றரைக் காலடிக்குத் திருப்பி, போர்வையின் கால்பக்கத்தைத் தூக்கிப் பிடியுங்கள். சூடு உள்ளே நிறைந்ததும் இறக்கி மடித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாவிட்டால் 10 நிமிடச் சூடும் கூரைக்குப் போய்விடும்.

காஸ் அடுப்போ கரி அடுப்போ காருக்குள் ஒருபோதும் வேண்டாம். காரில் வைக்க வேண்டிய அவசரச் சாமான்கள் என்ற அரசாங்கப் பட்டியல்களில் மெழுகுதிரியும் இருக்கிறது, ஆழமான தகரப்பேணிக்குள் வைத்து. மின்க்கும் பொலியெஸ்ரரும் நிறைந்த காரில், பிள்ளைகளோடு, அதை ஏற்றாமல் விடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து. 12 வோல்ற் மின்போர்வையை எஞ்சின் ஓடும்போது மட்டும் பாவியுங்கள். கடுங்குளிரில் பற்றரியின் வலு பாதியாகிவிடும், போர்வை மிச்சத்தையும் குடித்தால் கார் பிறகு கிளம்பாது.

மின்சாரக் காருக்குப் புகைக்குழாய்ப் பயமில்லை. அதிலும் முழுக் காரையும் சூடாக்காமல் சீற் சூட்டை மட்டும் போட்டுப் போர்வைக்குள் இருந்தால் மின்சாரம் பல மடங்கு நீளும்.

11. கைக்குழந்தையும் முதியவரும்

கார் ஓடும்போது குழந்தை ஆசனப் பட்டிக்கு அடியில் தடித்த ஜக்கெற்றோ போர்வையோ இருக்கக்கூடாது. மோதலில் அது அமுங்கிப் பட்டி தளர்ந்துவிடும். பட்டியை இறுக்கிய பிறகு மேலால் போர்த்துங்கள். கார் நின்றபின் குழந்தையை எடுத்துப் பெரியவர் ஒருவரின் ஜக்கெற்றுக்குள், மார்போடு வையுங்கள். முகம் வெளியே தெரிய வேண்டும், வைத்திருப்பவர் உறங்கக்கூடாது.

முதியவர்கள் “எனக்குக் குளிரேல்லை பிள்ளை” என்பார்கள். கேட்காதீர்கள். கழுத்துக்குள் கைவிட்டுப் பாருங்கள். நீரிழிவு உள்ளவருக்குப் பாதத்தில் உணர்வு குறைவாக இருக்கலாம். கைச்சூட்டுப் பொதியை அவர் காலில் வைக்க வேண்டாம்.

12. மாதப் பார்வையும் ஏப்ரலும்

குளிர்கால ரயர் மாட்டும் நாளில் மூட்டை ஏறட்டும், கழற்றும் நாளில் இறங்கட்டும். வேறு திகதி வைத்தால் மறந்துவிடும்.

மாதம் ஒருமுறை பையைத் திறந்து உள்ளே கையை விடுங்கள். சில்லிட்டு ஈரம் தட்டினாலோ புழுங்கல் மணம் வந்தாலோ எல்லாவற்றையும் வீட்டுக்குள் எடுத்து ஒரு நாள் விரித்துப் போடுங்கள். காருக்குள் காயவைக்க முயல வேண்டாம், ஈரம் கண்ணாடியில் ஏறித் திரும்ப இறங்கும். நடுவில் யாரோ பயணத்துக்கு ஒரு போர்வையை உருவிக்கொண்டு போயிருப்பார்கள். அதையும் அப்போதுதான் காண்பீர்கள்.

ஏப்ரலில் ஸ்லீப்பிங் பாக்கைத் துவைத்து, உலர்த்தியில் குறைந்த சூட்டில் இரண்டு ரெனிஸ் பந்தோடு போடுங்கள். பந்து அடித்து அடித்துத் திரண்ட பஞ்சைப் பிரித்துவிடும். வெளியே எடுத்ததும் சிப்பின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், ஈரம் கடைசியாகத் தங்கும் இடம் அது. காய்ந்தபின் மடிக்காமல் அலுமாரியில் தொங்கவிடுங்கள்.